மூன்று சிபாரிசுகள்

யாருக்கும் எதையும் சிபாரிசு செய்வதில்லை என்ற விரதத்தைச் சில வருடங்களாகக் கடைப்பிடித்து வந்தேன். என் பேச்சை நம்பி ஒரு படத்திற்குக் குடும்பத்தோடு போன நண்பர் இன்றும் தீபாவளிதோறும் அதை நினைவுபடுத்துகிறார். நான் அனுப்பிவைத்த தச்சர் செய்த அலமாரியின் கதவை என் தங்கை முழங்காலால் முட்டுக்கொடுத்துத்தான் மூடுகிறாள். இருந்தும், சென்ற மாதம் ஒரு நண்பர், ‘கேட்பதற்கு ஒரு சங்கீதம், பொழுதைப் போக்க ஒரு வழி, போய்ப் பார்க்க ஒரு மனிதர், மூன்றையும் சொல்லும்’ என்று எழுதியபோது விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. யோசித்துப் பார்த்ததில் மூன்றுக்கும் பதில் ஒரே பொருளில் இருந்தது. எங்கள் வீட்டுப் பரணில் இருபத்தைந்து வருடங்களாகக் கிடந்த மிருதங்கம் அது.

முதலில் பொழுதுபோக்கு. செலவில்லாதது. கச்சேரி கேட்கும்போது பாட்டையும் வயலினையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மிருதங்கத்தின் இடப்பக்கத்தை, அதாவது தொப்பியை மட்டும் கேட்டுப் பாருங்கள். வலந்தலையின் ஒலி தானாகவே காதில் விழும். அதன் மீட்டும் சாப்பும் கூட்டத்தின் கடைசி வரிசைவரை வந்து சேரும். தொப்பியைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். கச்சேரிக்கு முன் அதன் நடுவில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அந்த ஈரப் பிடிப்பிலிருந்துதான் அந்தக் கனத்த நாதம் வருகிறது. கீர்த்தனையின் எந்த இடத்தில் வித்துவான் தொப்பியைத் தொடாமல் விட்டார், எந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்தி ஒலியை வளைத்தார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தால், பத்துக் கச்சேரிகளுக்குப் பின் உங்கள் காது பழைய காதாக இராது. கூடுமானால் கச்சேரிக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள். கல்லாலும் கட்டையாலும் மூட்டைத் தட்டிச் சுருதி சேர்ப்பதைக் கேட்பது தனியானதொரு கச்சேரி.

அடுத்தது சங்கீதம். பழனி சுப்ரமணிய பிள்ளை (1908–1962) வாசித்த பதிவு எது கிடைத்தாலும் கேளுங்கள். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். வலந்தலையை இடக்கையால் வாசித்தவர். மேடையில் மற்றவர்கள் அமரும் வழக்கத்தையே அதற்காக மாற்ற வேண்டியிருந்தது என்பதால், தொடக்கத்தில் அவருக்குச் சங்கடங்கள் குறைவில்லை. அந்தத் தொப்பியின் குழைவைக் கேட்கும்போது, கை மாறியதால் நேர்ந்த நன்மையோ என்றுகூடத் தோன்றும். அவருக்குப் பின் பாலக்காடு மணி அய்யரைக் (1912–1981) கேளுங்கள். அரியக்குடி பாடும்போது மணி அய்யர் எங்கே கையை எடுத்துவிட்டு மௌனமாக இருக்கிறார் என்று கவனியுங்கள். ஒலிபெருக்கி நாதத்தைக் கெடுக்கிறது என்று அது இல்லாமலேயே வாசிக்க விரும்பியவர் அவர். மிருதங்க வித்துவான்களில் முதன்முதலாக சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவரும் அவர்தான், ஆண்டு 1966.

இந்த விவரங்களெல்லாம் எனக்குச் சிறுவயதிலேயே மனப்பாடம். ஆறு வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதைவிட மிருதங்கம் என்னைப் பொறுத்துக்கொண்டது என்று சொல்வது பொருந்தும். எங்கள் வாத்தியார் பாடம் தொடங்குமுன் குரு பரம்பரையைச் சொல்லச் சொல்வார். அவர், அவருடைய குரு, அவருக்கு குரு என நான்கு தலைமுறைப் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

இனி மூன்றாவது சிபாரிசு. மைலாப்பூர்ச் சந்து ஒன்றில் மிருதங்கம் செய்பவர் ஒருவர் இருக்கிறார். பரணிலிருந்து இறக்கிய வாத்தியத்தை அவரிடம் எடுத்துப் போனேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் என்று கேள்விப்பட்டதும் ஒரு காரணம். எட்டடிக்கு எட்டடி அறை. சுவரோரம் பண்ருட்டிப் பலாக்கட்டைகள், கயிற்றில் காயும் தோல்கள், ஒரு பழைய வானொலி. பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு. இழுத்துக் கட்டும் வார் எருமையினுடையது. தோலை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் நிமிண்டிப் பார்த்தே அந்த மாட்டின் வயதை உத்தேசமாகச் சொல்கிறார்.

நான் போனபோது வலந்தலைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். வடித்த சோற்றை மசித்து, கிட்டம் என்கிற கரிய கல்லின் பொடியைக் கலந்து, மெல்லிய பூச்சாக இட்டு, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். அது காய்ந்தபின் அடுத்த பூச்சு. இப்படி எத்தனையோ பூச்சுகள். வெறும் தோலை இழுத்துக் கட்டிய முழவில் அடிப்படை ஒலிக்கு அடுத்து எழும் மேலொலி ஏறத்தாழ 1.59 மடங்கில் வரும். முழுமடங்காக இல்லாததால் அது வெறும் அதிர்வோசையாக நின்றுவிடுகிறது. நடுவில் இந்தச் சோறு ஏறியதும் மேலொலிகள் முழுமடங்குகளுக்கு நெருங்கி வருகின்றன. தோல் சுருதி பேசுகிறது. சி.வி. ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். ராமன் எழுதியதைச் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தாமல், “எழுதினாரா? நல்லது சார்” என்றார்.

பிறகு என் மிருதங்கத்தை மடியில் வாங்கிக்கொண்டார். தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். தட்டவில்லை. வார் முடிந்திருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“இது யார் கட்டினது சார்?”

“எங்க வாத்தியார் வீட்டுக்கு வருவார் ஒருத்தர். சைக்கிள்ல வருவார்.”

“பேரு?”

எனக்கு விடை இல்லை. ஆறு வருடங்களாக, இரண்டு மாதத்திற்கொரு முறை வந்தவர். திண்ணையைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. திண்ணை மாடத்தில் அவருக்கென்று ஒரு தம்ளர் இருக்கும். நான்தான் காப்பியை உயரத்திலிருந்து அதில் ஊற்றுவேன். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவைப்பார். ‘மிருதங்கம் பாக்கறவர் வந்திருக்கார்’ என்று உள்ளே போய்ச் சொல்வதும் என் வேலை. என் கைக்குத் தகுந்தபடி தோலை இளக்கித் தந்தவர் அவர். சுருதி சேர்ந்ததும் ஒருமுறை மீட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அவருக்கு வாசிக்கவும் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்தால், அப்படியொரு கேள்வி இருப்பதே அன்று எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. சிறுவன், என்ன தெரியும் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். பன்னிரண்டு வயதில் நான்கு தலைமுறைப் பெயர்கள் தெரிந்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

“எங்கப்பா கட்டினது சார்” என்றார். “அவருக்கு இடதுகைப் பழக்கம். முடிச்சு எதிர்ப்பக்கமா ஓடும், பாருங்க. இந்த மாதிரி வேற யாரும் போடமாட்டாங்க.”

அப்பா இறந்து பதினெட்டு வருடம் ஆயிற்றாம். ‘நல்லா வாசிப்பாரா?’ என்று, நாற்பது வருடம் தாமதமாக, கேட்டேன். “வீட்ல வாசிப்பாரு. பழனி மாதிரியே வாசிப்பாருன்னு அம்மா சொல்லும்” என்றார். சொல்லிவிட்டு அப்பாவின் பெயரையும் சொன்னார்.

டி.எம். கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று பெயர், தமிழிலும் வந்திருக்கிறது. மணி அய்யருக்குப் பல வருடங்கள் மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து, அவருடைய தந்தை செபாஸ்டியன் என்று தஞ்சாவூர்த் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதை அதில் விரிகிறது. வெளிவந்தபோதே வாங்கி, அடிக்கோடிட்டுப் படித்து, நண்பர்களோடு ஆவேசமாக விவாதித்திருந்தேன். என் பரணில் இருந்ததை யார் கட்டினார்கள் என்ற யோசனை அப்போதும் வரவில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டதாலேயே கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறேன் போலும்.

தோல்கள் இற்றுப்போயிருந்ததால் இருபுறமும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. வாரையும் மாற்றத்தான் வேண்டும் என்றார். முடிச்சு இருந்த கடைசி முழம் வாரை வெட்டிச் சுருட்டித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, “இது எனக்கு, சார்” என்றார். மூன்று வாரத்தில் மிருதங்கம் வீடு வந்தது. அதன் நாதத்திற்கு நான் தகுதியானவன் அல்லன் என்பதில் மட்டும் மாற்றமில்லை. தினம் காலையில் கால்மணி நேரம், பக்கத்து வீட்டார் எழுமுன், பழைய பாடங்களைத் தட்டிப் பார்க்கிறேன்.

அவர் பெயரையும் முகவரியையும் இங்கே எழுதலாமா என்று கேட்டேன். “வேணாம் சார். டிசம்பருக்கு இப்பவே கை நிறைய வேலை. போன் அடிச்சிட்டே இருந்தா சோறு காயாது” என்று சிரித்தார். ஆகவே நண்பர் மன்னிக்க வேண்டும். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார், தேடிப் போய்ப் பாருங்கள். தம்பூராவுக்கோ தவிலுக்கோ வீணைக்கோ, யாராவது ஒருவர். போனதும் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குரு பரம்பரையை யாரும் இப்போது என்னிடம் ஒப்பிக்கச் சொல்வதில்லை. ஆயினும் காலையில் உட்காரும்போது பழக்கதோஷத்தில் மனதிற்குள் சொல்லிக்கொள்கிறேன். நான்கு பெயர்கள் இருந்த இடத்தில் இப்போது ஐந்து.