அலிஷா பாடினார்... துவாக்குடி கேட்டது! - ஒரு 'மேட் இன் இந்தியா' பயணம்

"தொண்ணூறுகள்ல வந்த ஒரு பாப் ஆல்பம் பத்தி எழுதும்மா. இன்னைக்கும் ஜனங்க கேட்கிற ஆல்பமா இருக்கணும்" என்றார் எடிட்டர்.

யோசிக்காமல் 'மேட் இன் இந்தியா' என்றேன். அலிஷா சினாய் பாடி 1995-ல் வெளியான ஆல்பம். அது வந்தபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்கு லேத் ஓடுகிற சத்தமும் கூலன்ட் ஆயில் வாசனையும்தான் ஞாபகம் வரும். காரணம், துவாக்குடியில் இருக்கும் எங்கள் அப்பாவின் பட்டறை.

உடனே போன் செய்தேன்.

"அப்பா, அந்த அலிஷா கேசட் இன்னும் இருக்கா?"

"பட்டறை அலமாரியில கிடக்கும் பாப்பா. சனிக்கிழமை வா. அன்னைக்குத்தான் லேத்தைப் பார்க்க ஆள் வர்றாங்க."

"சும்மா பார்க்கவா?"

"வாங்கத்தான்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில் பஸ் ஏறிவிட்டேன்.

எறும்பு ஊரிலிருந்து இரும்பு ஊருக்கு

திருச்சி என்றால் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், காவிரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோபுரம் பார்க்க வருகிறவர்கள் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போய்விடுவார்கள். துவாக்குடிக்குப் போகிறவர்கள் தஞ்சாவூர் சாலையைப் பிடிக்க வேண்டும். பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர் தாண்டினால் திருவெறும்பூர். தேவர்கள் எறும்பு உருவெடுத்து சிவனை வழிபட்டதாகச் சொல்லப்படும் எறும்பீஸ்வரர் கோயில், சிறிய குன்றின் மேல் பஸ்ஸிலிருந்தே தெரியும். 'எறும்பு மாதிரி உழைக்கிற ஊரு இங்கேயே ஆரம்பிச்சிடுது' என்று அப்பா எப்போதும் சொல்வார்.

அடுத்து வருவதெல்லாம் தொழிற்சாலைகளின் உலகம். செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-ல் தொடங்கப்பட்ட பெல் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை. பல மாநிலக் குடும்பங்கள் சேர்ந்து வாழும் கைலாசபுரம் டவுன்ஷிப். ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்யும் படைக்கலத் தொழிற்சாலையும் பக்கத்தில்தான். வெல்டிங்குக்கென்றே 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் பெல் வளாகத்தில் இருக்கிறது. திருச்சி வெல்டர் என்றால் வளைகுடா வரைக்கும் தனி மரியாதை என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

அதே சாலையில் என்.ஐ.டி. 1964-ல் ஆர்.இ.சி-யாகத் தொடங்கி, 2003-ல் பெயர் மாறிய கல்லூரி. இவற்றோடு துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டை. பெரிய ஆலைக்குத் தேவையான சப்போர்ட், டக்ட், ஹேங்கர் என்று உதிரி வேலைகளை எடுத்துச் செய்யும் பட்டறைகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசைகளில் ஒன்றில்தான், தகரக் கூரை போட்ட எங்கள் பட்டறை.

துவாக்குடிக்குச் சுற்றுலா பஸ் வராது. தேவாரப் பாடல் பெற்ற திருநெடுங்களம் கோயிலுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் வருவார்கள், அவ்வளவுதான். ஆனால், நாட்டின் பல மூலைகளில் பல்பு எரிவதற்கு இந்த ஊர்க்காரர்களின் கையும் ஒரு காரணம்.

இந்திப் பாட்டு இங்கே எப்படி வந்தது?

1995-ல் தமிழ்நாட்டில் 'பாட்ஷா'வும் 'பம்பாய்'யும் ஓடிக்கொண்டிருந்தன. டீக்கடை ரேடியோ முழுக்க சினிமாப் பாட்டு. அதற்கு நடுவே, படமே இல்லாத ஓர் இந்திப் பாட்டு துவாக்குடிக்கு எப்படி வந்தது?

பதில் சொன்னவர், அப்பாவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டர்னர் மாமா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. லேத் போகப் போகிறது என்று கேள்விப்பட்டு, காலையிலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் ஆர்.இ.சி பசங்க வேலைம்மா. பாதிப் பசங்க வெளி மாநிலம். டீ குடிக்க வந்தா காதுல வாக்மேனை மாட்டிக்கிட்டு இதையே பாடிக்கிட்டு நிப்பானுங்க. உங்கப்பன் அப்போ ஹெல்பர். என்ன பாட்டுன்னு ஒரு பையன்கிட்ட கேட்டிருக்கான். அவன் வாக்மேனைக் கழட்டி இவன் காதுல மாட்டிவிட்டுட்டான். அவ்ளோதான்! அடுத்த சம்பளத்துக்கு மலைக்கோட்டை பஜாருக்குப் போய் கேசட் வாங்கிட்டு வந்துட்டான்."

"இந்தி தெரியாதே மாமா?"

"மூணு வார்த்தை தெரியுமே! மேட்... இன்... இந்தியா. நாங்க தினமும் பார்க்கிற வார்த்தைதானே. பெட்டியில, பிளேட்டுல, வால்வுல எல்லாத்துலயும் அடிச்சிருக்கும். நம்மளைப் பத்திதான் அந்தப் பொண்ணு பாடுதுன்னு இவன் நினைச்சுக்கிட்டான்."

உண்மையில் அது கல்யாணப் பாட்டு. உலகமெல்லாம் பார்த்துவிட்டேன், எனக்கு இந்திய மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒரு பெண் பாடுவது. கென் கோஷ் இயக்கிய வீடியோவில் அலிஷா இளவரசி. பல நாட்டு மாப்பிள்ளைகள் வந்தாலும், கடைசியில் ஒரு மரப்பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரும் மிலிந்த் சோமன்தான் அவர் மனதுக்குப் பிடித்தவர். அப்பா இந்த வீடியோவைப் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தார். "மரப்பெட்டியில மாப்பிள்ளையா? நம்ம பேக்கிங் செக்‌ஷன்ல இருந்து அனுப்பியிருப்பாங்க போல" என்று சிரித்தாராம்.

பத்து வருஷம் காத்திருந்த குரல்

அலிஷா அந்தப் பாட்டால் ஒரே நாளில் உயரத்துக்கு வந்தவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் முழுக் கதை தெரிந்தது.

அகமதாபாத்தில் 1965-ல் பிறந்தவர். இயற்பெயர் சுஜாதா. முதல் ஆல்பம் 'ஜாது' வந்தது 1985-ல். அடுத்தடுத்து 'பேபி டால்', 'மடோனா' என்று ஆல்பங்கள். பப்பி லஹரியின் இசையில் சினிமாவிலும் பாடினார். 1987-ல் வந்த 'மிஸ்டர் இந்தியா'வில் கிஷோர் குமாரோடு பாடிய பாட்டு நாடு முழுக்க ஹிட். ஆனால், அந்தப் பாட்டு என்றதும் ஜனங்களின் கண்ணில் வந்து நிற்பது மழையில் நனையும் நீலப் புடவை ஸ்ரீதேவிதான். பின்னணிப் பாடகர்களின் விதி அது. குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது.

அவர் கைக்கு 'மேட் இன் இந்தியா' வந்ததும் சுற்று வழியில்தான். பாட்டை உருவாக்கிய பிட்டு, பெங்களூரில் 1945-ல் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர். 1974-ல் கார்ல் டக்ளஸ் பாடி உலகமே ஆடிய 'குங்ஃபூ ஃபைட்டிங்' அவர் தயாரித்ததுதான். பாகிஸ்தானைச் சேர்ந்த நாஸியா ஹசனை 1981-ல் 'டிஸ்கோ தீவானே' ஆல்பத்தில் பாடவைத்துப் பெரிய நட்சத்திரமாக்கினார். 'மேட் இன் இந்தியா'வையும் முதலில் நாஸியாவுக்காகத்தான் நினைத்திருந்தார். பாகிஸ்தான் பெண் இந்தியாவைப் புகழ்ந்து பாடினால் சொந்த நாட்டு ரசிகர்கள் மனம் நோகுமே என்று நாஸியா மறுத்துவிட, பாட்டு அலிஷாவிடம் வந்தது.

மேக்னாசவுண்ட் நிறுவனம் வெளியிட்டது. நேரமும் கூடி வந்தது. வீடுகளில் கேபிள் டி.வி நுழைந்திருந்தது. சேனல் வி 1994-ல் வந்துவிட்டது. நடிகை நடுவில் இல்லாமல், பாடியவரின் முகத்தையே பாட்டோடு பார்க்க ஜனங்களுக்கு வழி பிறந்திருந்தது. ஆல்பம் பல லட்சம் பிரதிகள் விற்றது. அடுத்த வருஷமே ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்து 'கலோனியல் கசின்ஸ்' தந்தார்கள், லக்கி அலி வந்தார். 1997-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் 'வந்தே மாதரம்'. சினிமா இல்லாமலும் பாட்டு விற்கும் என்று கம்பெனிகளுக்கு நம்பிக்கை கொடுத்ததில் அலிஷாவுக்குப் பெரிய பங்கு உண்டு. பத்து வருஷம் கழித்து 2005-ல் 'கஜ்ரா ரே' பாடி ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார்.

பிட்டு 2010-ல் தன் சுயசரிதையை எழுதியபோது அதற்கு வைத்த பெயரும் 'மேட் இன் இந்தியா'தான்.

பெயர் இல்லாத வேலை

இதையெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து போனில் பார்த்துப் பார்த்து அப்பாவிடம் சொன்னேன். கையில் பஞ்சை வைத்து லேத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். விற்கப் போகிற மெஷினை ஏன் இப்படித் துடைக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"அப்போ அந்தப் பொண்ணும் ஜாப் ஆர்டர்லதான் இருந்திருக்கு" என்றார் திடீரென்று.

புரியாமல் பார்த்தேன்.

"டிராயிங் அவங்க குடுப்பாங்க. இரும்பும் அவங்களே குடுப்பாங்க. நாம வெட்டி, வளைச்சு, பத்த வச்சுக் குடுக்கணும். டன் கணக்குல கூலி. போய்ப் பெரிய மெஷின்ல சேர்ந்துடும். எந்த ஊர்ல நிக்குது, ஓடுதா இல்லையா, ஒண்ணும் தெரியாது. பேர்ப் பலகையில நம்ம பேர் வராது. தப்புன்னு சொல்லல பாப்பா. அந்த வேலைதான் உன்னைப் படிக்க வச்சுது. ஆனா, நம்ம பேர் போட்டு ஒரு சாமானாவது வெளியில போகணும்னு அந்தக் கேசட்டைக் கேட்கிறப்பல்லாம் தோணும்."

நான் ஜர்னலிசம் டிப்ளமா சேர்ந்த சமயத்தில்தான் பட்டறையில் வேலை குறைந்திருந்தது. நாட்டில் புதிய அனல்மின் நிலையங்கள் கட்டுவது குறைந்ததும், அதை நம்பியிருந்த சின்னப் பட்டறைகளில் மூன்று ஷிஃப்ட் ஒன்றானது. எங்கள் வரிசையிலேயே சில ஷட்டர்கள் மூடிக்கிடக்கின்றன. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஃபீஸ் மட்டும் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் வளையல் எங்கே போனது என்பது அந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் டர்னர் மாமா வாய் தவறிச் சொல்லித்தான்.

பதினொரு மணிக்கு லேத் வாங்குகிறவர்கள் வந்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு துண்டு ராடை மாட்டி அப்பாவே கடைந்து காட்டினார். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. விலை பேசியபோது என்னை டீ வாங்கிவர அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது செயின் பிளாக்கில் லேத் தொங்கிக்கொண்டிருந்தது. லாரி கிளம்பியதும், அது நின்றிருந்த இடத்தில் ஆயில் கறையும் நான்கு போல்ட் ஓட்டைகளும் மட்டும் இருந்தன.

திருச்சி-15

"அழுவாத. உள்ள வா" என்றார் அப்பா.

பின்பக்கம் தார்ப்பாயை விலக்கினார். ஆளுயரத்துக்குப் பளபளவென்று ஒரு பெட்டி. ஓட்டல்களுக்கான இட்லி ஸ்டீமர். 304 கிரேடு எஸ்.எஸ் தகடு, ஆர்கான் வெல்டிங், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், கதவில் ரப்பர் காஸ்கெட், நீராவி தங்காமல் வெளியேற மேலே ஒரு குழாய்.

"பாய்லர் வேலை பார்த்த கை. நீராவி எங்கே போகும், எங்கே ஒழுகும்னு இதுக்குத் தெரியும். பெரிய லேத்துக்கு இதுல வேலை இல்ல. அந்தக் காசுல தகடு வாங்கணும், ஒரு வெல்டருக்குச் சம்பளம் போடணும். காட்டூர்ல ஒரு ஓட்டல்காரர் ஒண்ணு எடுத்து மூணு மாசமாச்சு. ஒரு சொட்டு ஒழுகல. இன்னும் ரெண்டு கேட்டிருக்கார்."

கதவின் மேல் சின்ன அலுமினியத் தகடு. அதில் அப்பாவின் பெயர். அதற்குக் கீழே 'துவாக்குடி, திருச்சி-15'.

இது ஓடுமா என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. "அலிஷாவுக்கு அப்போ முப்பது வயசு. எனக்கு அம்பத்தி நாலு. கொஞ்சம் லேட்டுதான்" என்றார்.

கேசட் அலமாரியில் கிடைத்தது. டேப்பில் பூஞ்சை படிந்திருந்தது. போட்டுக் கேட்க டேப் ரெக்கார்டரும் இல்லை. என் போனில் தேடினேன், ஒரு நொடியில் வந்துவிட்டது. 30 வருஷம் தாண்டிய பாட்டு, காலியான அந்த பட்டறையில் நன்றாகவே எதிரொலித்தது.

"சத்தத்தைக் கூட்டும்மா" என்றார் டர்னர் மாமா. அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டீமருக்குப் பெயர்த் தகடு மாட்டப் போனார். மூன்று வார்த்தைகள் வரும் இடத்தில் மட்டும், வழக்கம்போல, சத்தமாகக் கூடவே பாடினார்.

ராத்திரி பஸ் ஏற்றிவிட வந்தவரிடம், "உங்களைப் பத்தியும் எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"எழுது. ஆனா அலிஷாவைப் பத்தி நல்லா எழுது. கடைசியில வேணும்னா ஒரு வரி போட்டுக்க, இட்லி நல்லா வேகுதுன்னு."

போட்டுவிட்டேன் அப்பா. இட்லி நல்லா வேகுது.