சிப்பாய்ப் பிள்ளையாரும் சம்சாரிப் புனிதரும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்துகளின் இரைச்சலையும் மீறிக் கேட்கிறது தேங்காய் உடைபடும் சத்தம். பழவங்காடிக் கணபதிக்கு முக்கியமான வழிபாடு அதுதான். உள்ளே போக நேரமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஓடும் பேருந்தின் ஜன்னலோரத்தில் ஒரு கை நெஞ்சைத் தொட்டு மீள்கிறது. ஆபீசுக்கோ பரீட்சைக்கோ போகிற வழியில் அரை விநாடி.

அங்காடி என்ற சொல்லைத் தமிழில் நாம் சிலப்பதிகாரத்துக்கும் கூட்டுறவுக் கடைப் பலகைக்கும் ஒதுக்கிவிட்டோம். மலையாளத்தில் அது இன்னும் தெருவில் நடமாடுகிறது. பெயருக்கேற்றாற்போல் கொஞ்சம் தள்ளிச் சாலைக் கடைத்தெரு. அங்கே காது கொடுத்தால் பாதிப் பேரம் தமிழில் நடப்பதுபோல் இருக்கும்.

கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம். பத்மநாபபுரத்தில் காவல் காத்த நாயர் படை வீரர்கள் வணங்கிய பிள்ளையார் இவர் என்கிறது கோயில் வரலாறு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் மாறியபோது படையோடு சாமியும் இடம் மாறினார். சுதந்திரத்துக்குப் பின் திருவிதாங்கூர்ப் படை இந்திய ராணுவத்தில் இணைந்தது. பிள்ளையார் மதராஸ் ரெஜிமெண்டின் பொறுப்பில் வந்தார். பாராவும் அணிவகுப்பும் போலப் பூஜையும் அன்றாடக் கடமையில் ஒன்று.

அன்றாட வேலையிலேயே கடவுளைக் காணலாம் என்பது கிறிஸ்தவ மரபிலும் பழைய பேச்சு. அதை அழுத்திச் சொன்ன இருவர் முன்னாள் சிப்பாய்கள். 1521இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த இஞ்ஞாசியார், பின்னால் ஏசு சபையைத் தொடங்கி, எல்லாவற்றிலும் இறைவனைத் தேடக் கற்பித்தார். போரில் காயம்பட்டு வந்து பாரிஸ் கார்மல் மடத்தில் சமையல்காரராகச் சேர்ந்த சகோதரர் லாரன்ஸுக்கு (இறப்பு 1691) ஜெபவேளையும் பாத்திரங்களோடு மல்லுக்கட்டும் வேளையும் ஒன்றுதான். இன்று இதெல்லாம் தியானக் கையேடுகளில் பக்கம் பக்கமாக வருகிறது. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் எனக்குச் சற்றுத் திகட்டும். சமையலறைக்குள் யார் வரலாம், பந்தியில் யார் உட்காரலாம் என்ற கேள்வியே அந்தக் கையேடுகளில் இல்லை. திருவிதாங்கூரில் அதைக் கேட்காமல் ஒரு நாளும் கழிந்திருக்காது.

பிள்ளையார் புறப்பட்டு வந்த அதே பத்மநாபபுரத்தில் அரண்மனை அலுவலராக இருந்தவர் நீலகண்ட பிள்ளை. 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், மணமானவர். 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டிலனாயைக் கொண்டே தன் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அந்த டிலனாயின் நட்பில்தான் நீலகண்ட பிள்ளை கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் ஏசு சபைக் குரு ஒருவரிடம் திருமுழுக்கு பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அவர் காவி உடுத்தவில்லை, காட்டுக்குப் போகவில்லை. மனைவியோடுதான் வாழ்ந்தார். மாறியது பந்தி. சாதி பாராமல் எல்லோருடனும் பழகினார், சேர்ந்து சாப்பிட்டார் என்கிறது திருச்சபை மரபு. கேட்கச் சாதாரணம். ஆனால் எதிரே வருபவருக்கு எத்தனை அடி விலகி நிற்பது, தோளில் துணி போடலாமா, யார் கையால் தண்ணீர் வாங்குவது என்பவைதான் அந்த நாட்டில் அன்றாடம். அங்கே போய்க் கடவுளைத் தேடுகிறவரை ஊர் சும்மா விடுமா?

1749இல் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியதற்காகத்தான் இந்தத் தண்டனை என்பதை வரலாற்றாசிரியர்கள் சிலர் ஏற்பதில்லை. ஆதாரம் போதாது என்கிறார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குருவும் அல்லாத, துறவியும் அல்லாத ஓர் இந்தியர் புனிதரானது அதுவே முதல் முறை.

அவருக்குப் பிறகும் அன்றாடம் எளிதில் அசையவில்லை. தோளில் துணி போட நாடார் பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்தது. அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 பிரகடனத்தில்தான். இன்று பழவங்காடியில் கையில் தேங்காயோடு நிற்பவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

தேவசகாயத்தின் கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலில் இருக்கிறது. டிலனாய் உதயகிரிக் கோட்டைக்குள். அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறித்திருக்கிறது. திருமுழுக்கு நடந்த வடக்கன்குளத்தின் கதை வேறு. அவர் இறந்து நூறாண்டுக்குப் பிறகு அங்கே கட்டிய மாதா கோயிலில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, நடுவே தடுப்பு வைத்தார்கள். 1910இல் குருக்கள் அதை இடித்தார்கள். தடுப்பு வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.