சாந்திபுரம் வீட்டுக்கு ஒரு சின்ன மதர்போர்டு

மினி-ஐடிஎக்ஸ் என்பது 17 சென்டிமீட்டர் சதுரமான மதர்போர்டு. தைவானின் வியா டெக்னாலஜீஸ் 2001இல் இந்த அளவைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1997இல் இன்டெல் வகுத்த மைக்ரோ-ஏடிஎக்ஸ் 24.4 சென்டிமீட்டர் சதுரம். கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோ, பத்திர நகல் என்று வீட்டில் சிதறிக்கிடப்பதையெல்லாம் ஒரு பெட்டியில் சேர்த்து, எல்லோரும் வைஃபை வழியே எடுத்துக்கொள்ளும்படி வைக்க நினைப்பவர் இந்த இரண்டு அளவுகளுக்கு நடுவேதான் தடுமாறுகிறார். கடைக்காரர் முதலில் பேசுவது பிராசசரைப் பற்றி. சேமிப்புப் பெட்டிக்கு அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம்.

சாந்திபுரம் சித்தூர் மாவட்டத்தில், குப்பத்திலிருந்து பலமநேர் போகும் சாலையில் உள்ள மண்டலத் தலைமையூர். தமிழ்நாட்டு எல்லையும் கர்நாடக எல்லையும் எட்டிப்பார்க்கும் தூரம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, கணினி உதிரி வாங்கப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் கன்னடம். மறுபக்கம் போனால் சென்னை ரிச்சி தெரு. ஸ்ரீசிட்டியில் கைபேசியும் ரேணிகுண்டா பக்கம் தொலைக்காட்சிப் பெட்டியும் தயாராகின்றன. ஆனால் ஆறு ஹார்ட் டிஸ்க் சொருகும் சின்ன போர்டு வேண்டுமென்றால் அது பெரும்பாலும் சீனாவின் ஷென்ஜென்னிலிருந்துதான் வர வேண்டும். இந்தத் தூரத்தைக் கணக்கில் சேர்க்காமல் போர்டு வாங்கக் கூடாது. வாங்கும் நாளில் தூரம் உறைக்காது. கெட்டுப்போகும் நாளில் உறைக்கும்.

முதலில் எண்ண வேண்டியது சாட்டா போர்ட். (போர்டும் போர்ட்டும் தமிழ் எழுத்தில் குழப்பும் என்பதால் பின்னதை இனி முனை என்று சொல்லலாம்.) ஒரு ஹார்ட் டிஸ்குக்கு ஒரு முனை. 2023இல் வந்த இன்டெல் என்100 பிராசசர் ஒட்டிய சின்ன போர்டுகள் இன்று இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை. அவற்றில் பெயருள்ள கம்பெனிகள் தருபவை பலவற்றில் ஒன்றோ இரண்டோ முனைதான். ஆறு முனை வைத்த போர்டுகளும் உண்டு. ஆனால் அந்தப் பிராசசருக்கு வெளியுலகத்தோடு பேச இருப்பது மொத்தம் ஒன்பது பிசிஐஇ தடங்கள். நெட்வொர்க், எஸ்எஸ்டி சொருகும் எம்.2, கூடுதல் சாட்டா எல்லாம் அந்த ஒன்பதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எனவே கூடுதல் முனைகள் தனி சிப் ஒன்றின் வழியே போகின்றன. அந்த சிப்புக்கு எத்தனை தடம் தந்திருக்கிறார்கள் என்பதை விளம்பரத்தில் தேடினால் கிடைக்காது.

அது ஏன் முக்கியம்? மூன்றாம் தலைமுறை பிசிஐஇயின் ஒற்றைத் தடம் விநாடிக்கு ஆயிரம் மெகாபைட்டைத் தொடாது. நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்று 200 மெகாபைட் தரும். ஆறு சேர்ந்தால் 1,200. அன்றாடப் பயன்பாட்டில் இந்த நெருக்கடி தெரியாது, ஏனென்றால் வீட்டு கிகாபிட் நெட்வொர்க்கே 110 மெகாபைட்டுக்கு மேல் தள்ளாது. ஒன்று செத்தாலும் தகவல் தப்பும்படி டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு அமைப்பில் ஒரு டிஸ்க் செத்து, புதியது போட்டு, மீதி ஐந்தையும் ஒரே நேரத்தில் படித்துத் தகவலை மீட்கும்போதுதான் தெரியும். தகவலுக்கே ஆபத்தான நேரத்தில் பெட்டி மெதுவாக ஓடுவது நல்லதல்ல. ஒற்றை முனையை ஐந்தாகப் பிரித்துத் தரும் மலிவு கார்டுகள் இன்னும் மோசம்: ஒரு கேபிள் ஆடினால் ஐந்து டிஸ்கும் சேர்ந்து காணாமல் போகும்.

இன்னொரு பொறி கையேட்டில் ஒளிந்திருக்கும். முனைகள் வரிசையாக அச்சிடப்பட்ட பக்கத்தின் அடியில் நட்சத்திரக் குறியிட்டு, எம்.2வில் ஏதாவது சொருகினால் இன்ன முனை வேலை செய்யாது என்று எறும்பு எழுத்தில் ஒரு வரி. நாலு முனை என்று வாங்கியது வீட்டுக்கு வந்ததும் மூன்றாகிவிடும்.

முனைகளின் தரத்துக்கும் வரலாறு உண்டு. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6-வரிசை சிப்செட்டில் பிழை இருப்பதாக அறிவித்தது. வேகமான இரண்டு முனைகள் நன்றாகவே இருந்தன. மற்ற முனைகள் காலப்போக்கில் தேய்ந்துபோகும். ஒன்றிரண்டு டிஸ்க் மட்டும் வைத்தவர் அந்த வேகமான முனைகளோடு தப்பிக்கலாம். எல்லா முனையையும் நிரப்பிவைத்த சேமிப்புப் பெட்டிக்காரருக்கு அந்த வழி இல்லை. அதைவிடக் கொடுமை, வீட்டுச் சேமிப்புக்கென்றே அளந்து செய்தது போலப் புகழ்பெற்ற ஆஸ்ராக் ராக் சி2550டி4ஐ போர்டின் கதை. மினி-ஐடிஎக்ஸ் அளவில் பன்னிரண்டு முனை. 2017இல் இன்டெல் வெளியிட்ட பிழைப்பட்டியல், அதிலிருந்த ஆட்டம் சி2000 பிராசசரில் கடிகாரத் துடிப்பு தரும் பகுதி நாளடைவில் நின்றுபோகலாம் என்று ஒப்புக்கொண்டது. நின்றுபோன பிறகு போர்டு எழாது. கரெண்ட் போய் வரும் ஊரில் அந்தச் சோதனை தானாகவே நடந்துவிடும்.

போர்டு செத்தால் டிஸ்கில் உள்ளது என்னாகும் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பயாஸிலேயே ரெய்டு அமைக்கும் வசதி பல போர்டுகளில் உண்டு; அதைத் தொடாமல் விடுவதே மேல். அதில் அமைத்தால் அதே குடும்பத்துப் போர்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். லினக்ஸின் எம்டி அல்லது இசட்எஃப்எஸ் போன்ற மென்பொருள் வழியே அமைத்தால், டிஸ்குகளைக் கழற்றி ஏதாவதொரு பழைய கணினியில் மாட்டினாலும் திறக்கும். அப்படியும் ரெய்டு என்பது நகல் ஆகாது. வேறொரு டிஸ்கில் வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருந்தாக வேண்டும்.

கரெண்ட் கணக்கு எளிது. இரவு பகலாக ஓடும் பெட்டியில் 20 வாட் மிச்சமானால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல் மிச்சம். யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும் ஊரில் அது சிறிய விஷயமல்ல. யூபிஎஸ் தாங்கும் நேரமும் அதற்கேற்ப நீளும். ஆனால் சிக்கனத்துக்காக 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் ஓடும் போர்டை வாங்கி அதில் நாலு டிஸ்க் மாட்ட முடியாது. 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 24 வாட் வரை இழுக்கும். நாலும் சேர்ந்தால் நூறு வாட்டை ஒட்டி வரும். அதற்கு நல்ல எஸ்எம்பிஎஸ் வேண்டும்.

ரேம் 8 ஜிபி வீட்டுக்குப் போதும். பிழை திருத்தும் ஈசிசி ரேம் நல்லதுதான், ஆனால் அதை ஏற்கும் சின்ன போர்டு அபூர்வம், விலையும் கடுமை. நெட்வொர்க் 2.5 கிகாபிட் இருந்தால் நல்லது. ரௌட்டரும் அந்த வேகத்தில் இல்லாவிட்டால் பயனில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி பாக்கி: சின்னதாக ஏன் இருக்க வேண்டும்? பெங்களூரு அடுக்குமாடியில் டிவிக்குக் கீழே ஒளித்துவைக்க வேண்டியவருக்கு மினி-ஐடிஎக்ஸ் சரி. சாந்திபுரத்துத் தனிவீட்டில் ஒரு அலமாரித் தட்டு தாராளமாகக் கிடைக்கும். நாலு டிஸ்க் வேண்டுமென்றால் மைக்ரோ-ஏடிஎக்ஸ்தான் சரியான தேர்வு. நாலு முனை சிப்செட்டிலேயே வரும், பின்னால் கார்டு சொருக இடமிருக்கும், காற்றும் ஓடும், கெட்டால் மாற்றுப் போர்டு எஸ்.பி. ரோட்டில் ஒரே நாளில் கிடைக்கும். அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பின், ஆறு முனைச் சீன போர்டுகள் இடைத்தரகர் கைமாறித்தான் வருகின்றன. வாரண்டி என்பது அவர் வாய்வார்த்தை. இரண்டு டிஸ்க் போதுமென்பவர் மட்டும் பெயருள்ள என்100 போர்டை யோசிக்காமல் எடுக்கலாம்.

எதை எடுத்தாலும் பயாஸில், கரெண்ட் திரும்பியதும் தானாக எழும் அமைப்பு இருக்கிறதா என்று வாங்குமுன் கையேட்டில் பாருங்கள். இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரெண்ட் வந்தாலும் பெட்டி காலைவரை உறங்கும். அந்த அமைப்பு இருந்தும் சில வருடம் கழித்துப் பெட்டி எழ மறந்தால், கடிகாரமும் பழைய தேதி காட்டினால், போர்டைக் குறை சொல்ல வேண்டாம். போர்டில் காசு அளவில் பளபளக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அதற்குப் பெங்களூரு போக வேண்டியதில்லை. குப்பம் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமே கிடைக்கும்.