தாங்கும் கால்கள்

வீட்டுக்குப் பெரிய பொருள் ஒன்று வாங்கப்படும்போது எல்லாருடைய கண்ணும் அந்தப் பொருளின்மீதே பதிந்திருக்கும். அதைத் தாங்கி நிற்கவேண்டியதைப் பற்றி எவரும் அதிகம் எண்ணுவதில்லை. தையல் இயந்திரத்தின் தலையைப் பார்த்து விலை பேசுவோர் அதன் காலை அசைத்துப் பார்ப்பதில்லை. குருசுக்குப்பத்தில் வாழும் எங்கள் குடும்பத்தில் இப்பொருள் குறித்துச் சென்ற ஆண்டு பெரும் விவாதமே நடந்தது. அதற்குக் காரணம் ஒரு காமிரா லென்ஸ்.

எங்கள் தமக்கையின் மகன் திருமணங்களுக்கும் முதல் நற்கருணை விழாக்களுக்கும் படம் எடுத்துப் பிழைப்பவன். பறவைகளைப் படமெடுக்கவேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆவல். நகருக்கு மேற்கே ஊசுட்டேரி இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு புதுச்சேரி அரசு அதனைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அங்கே குளிர்காலத்தில் வரும் நாரைகளையும் வாத்துகளையும் எடுத்து நாட்காட்டி அச்சிடுவோருக்கு விற்கலாம் என எண்ணி, தன் சேமிப்போடு தாயின் வளையல்களை அடகு வைத்த பணத்தையும் சேர்த்து, 600 மில்லிமீட்டர் வரை எட்டும் லென்ஸ் ஒன்றை வாங்கினான். அதன் எடை மட்டும் சுமார் 2 கிலோ. அதன்பின் அவன், "இதற்கேற்ற முக்காலி வேண்டும், இருபதாயிரம் ஆகும்" என்றபோது வீட்டில் புயலே எழுந்தது. "கண்ணாடிக்கு நகை போயிற்று, மூன்று கம்பிக்கு இன்னும் என்னடா கொடுப்பது?" என்றார் தமக்கை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வளையல்களுக்கு மாதந்தோறும் வட்டி ஏறிக்கொண்டிருந்ததே!

எனினும் நாங்கள் மருமகனின் பக்கமே சாய்ந்தோம். அவனுடைய நண்பர் ஒருவர் மலிவான ஸ்டாண்டு ஒன்றில் பெரிய லென்ஸைப் பூட்டி, கடலோரக் கருங்கற்களின்மேல் நிறுத்தியிருந்தார். மாலைக் காற்று ஒருமுறை ஓங்கி வீசிற்று. அவ்வளவுதான். லென்ஸ் போய்விட்டது, அதற்கான மாதத் தவணை மட்டும் போகவில்லை.

விழுந்து உடைவது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. தெரியாத இழப்பும் ஒன்றுண்டு. அதை ஒரு சிறு கணக்கால் தமக்கைக்கு விளக்கினோம். லென்ஸின் முன்முனை, அது பூட்டப்பட்டுள்ள இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். அம்முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், 100 மீட்டர் தொலைவில் குறி ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு தலைமுடியின் பருமனளவே அசைந்தாலும் அங்கே சில சென்டிமீட்டர் விலகும். நாரையின் கண் இருந்த இடத்தில் வெறும் மங்கல்தான் மிஞ்சும். ஆகவே, ஆடும் காலின்மீது நிற்கும் விலையுயர்ந்த லென்ஸ், உறுதியான காலின்மீது நிற்கும் சாதாரண லென்ஸுக்கும் ஈடாகாது.

இதற்கு நம் ஊரோடு தொடர்புடைய பழைய சான்று ஒன்றுண்டு. கியோம் லெ ஜான்ட்டி என்னும் பிரெஞ்சு வானியலார், வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதைக் கணிப்பதற்காக 1760-ஆம் ஆண்டு புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். சூரியன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அறிய அக்கணிப்பு உதவும். ஆனால் அவர் வந்து சேருமுன்னரே இந்நகர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. கப்பல் திரும்பிற்று. 1761-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், வெள்ளி சூரியனைக் கடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாயிருந்தது, கருவியும் கையில் இருந்தது. இருந்தும், கப்பலின் தளம் ஓயாது ஆடியதால் பயன்படத்தக்க கணிப்பு எதையும் அவரால் செய்ய இயலவில்லை. எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே காத்திருந்து, நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தபின், புதுச்சேரிக் கோட்டையின் இடிபாடுகள்மீது கூடம் அமைத்துத் தொலைநோக்கியை நிறுத்தினார். இம்முறை நிலம் அசையவில்லை. ஆனால் 1769-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் காலையில் மேகம் வந்து மூடிக்கொண்டது!

அவரது துயரத்தை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு ஒன்று தோன்றும். மேகத்துக்கு மருந்தில்லை, ஆடும் தளத்துக்கு மருந்துண்டு. நம் கையில் இல்லாததற்கு நாம் பொறுப்பல்ல. கையில் உள்ளதைச் செய்யாமல் விடலாகாது.

எனவே முக்காலி வாங்குவோர் கவனிக்கவேண்டியவற்றை, நாங்கள் கேட்டும் பார்த்தும் அறிந்தவாறு இங்கே தருகிறோம்.

முதலாவது, தாங்கும் எடை. காமிராவும் லென்ஸும் சேர்ந்து 3 கிலோ இருக்குமானால், பெட்டியின்மேல் 8 அல்லது 9 கிலோ தாங்கும் எனக் குறிக்கப்பட்ட முக்காலியே வேண்டும். தாங்குவது வேறு, ஆடாமல் தாங்குவது வேறு அன்றோ?

இரண்டாவது, கால்கள். மூன்று கல் அடுப்பு எந்தத் தரையிலும் ஆடாமல் அமர்வதுபோல மூன்று கால்களும் அமரும். ஆனால் அடுக்கடுக்காக நீளும் காலில் கடைசிக் குழாய் மெலிந்து போகும். ஆகவே அடுக்குகள் குறைந்த, பருத்த குழாய்களையுடையதே நன்று. ஒவ்வொரு காலையும் தனித்தனியே விரிக்கும் வசதி இருந்தால் மேடுபள்ளமான கற்களிலும் நிறுத்தலாம். நடுத்தண்டை உயர்த்துவதைக் கூடியவரை தவிர்க்கவேண்டும். உயர்த்தினால் மூன்று கால் ஒற்றைக் காலாகிவிடும்.

மூன்றாவது, தலை. கனமான லென்ஸ்களின் இடுப்பில் ஒரு வளையமும் அதனடியில் ஒரு பாதமும் இருக்கும். அப்பாதத்தையே முக்காலியில் பூட்டவேண்டும். காமிராவைப் பூட்டினால் எடை முழுவதும் முன்னால் இழுக்கும். சிறிய உருண்டைத் தலை, திருகைத் தளர்த்தியவுடன் லென்ஸோடு கவிழ்ந்துவிடக்கூடும். கிம்பல் எனப்படும் தலையோ லென்ஸை ஊஞ்சல்போலத் தாங்கி, விட்ட இடத்திலேயே நிற்கச் செய்யும். பறக்கும் பறவைக்கு இதுவே உகந்தது.

நான்காவது, மூலப்பொருள். கார்பன் இழைக் குழாய்கள் எடை குறைந்தவை, அதிர்வையும் விரைவில் அடக்குபவை, விலையோ அதிகம். அலுமினியம் கனமானது, மலிவானது. கடற்காற்றில் கனம் ஒரு குறையன்று என்பதால் எங்களுக்கு அலுமினியமே போதுமானதாயிற்று.

கடைக்குத் தமக்கையையும் அழைத்துச் சென்றோம். இரண்டு முக்காலிகளில் மாறி மாறி லென்ஸைப் பூட்டி, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, லென்ஸை விரலால் மெல்லத் தட்டினான் மருமகன். மலிவானதில் எழுத்துகள் நெடுநேரம் நடுங்கின. மற்றதில் ஒருமுறை அசைந்து உடனே நின்றன. தமக்கை தாமே இன்னொருமுறை தட்டிப் பார்த்தார். "சரி, இதையே எடு" என்றார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீட்டை வெள்ளையடிக்க வைத்திருந்த பணம் முக்காலிக்குப் போயிற்று.

அதைக் கடலோரத்தில் நிறுத்திய முதல் நாளில், வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, காத்து வர்ற பக்கம் பாத்துக் காலை நல்லா அகட்டி வை" என்றார். அனுபவத்தின் சொல் அது. மூன்று கால்களுள் ஒன்று லென்ஸ் நோக்கும் திசையில் இருப்பதும் நலம். எடைக்காகப் பையைத் தொங்கவிடுவோர், அது காற்றில் ஊசலாடாதவாறு தரையைத் தொட்டு நிற்கும்படி கட்டவேண்டும். வீடு திரும்பியதும் கால்களை நன்னீரால் கழுவித் துடைத்து உலர்த்தாவிடில், உப்பும் மணலும் திருகுகளைத் தின்றுவிடும்.

அடகிலிருந்த வளையல்களுள் ஒன்று இவ்வாண்டு மீண்டு வந்தது, மற்றொன்றும் வரும் என்றிருக்கிறோம். வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் தாங்கும் காலுக்குப் பணம் கேட்டால் அதை வீண்செலவென்று தள்ளிவிடாதீர்கள். கடைக்கு உடன் சென்று, ஒருமுறை தட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.