கனவைக் கட்டளையிட்டு வரவழைக்கலாமா?

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று அறிந்துகொள்வதும், அறிந்தபின் அக்கனவைத் தான் விரும்பிய திசையில் நடத்திச் செல்வதும் பயிற்சியால் கைவரக்கூடியவை என்று சொல்லும் காணொளிகள் அண்மைக் காலமாக நம் இளைஞர்களிடையே பரவி வருகின்றன. ஆங்கிலத்தில் இதனை ‘லூசிட் ட்ரீமிங்’ என்கிறார்கள். நாம் இங்கு ‘தெளிவுக் கனவு’ என்றே குறிப்பிடுவோம். விடுமுறை முடிந்து மதரஸாவுக்குத் திரும்பிய மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் இதைப் பற்றித் தமக்குள் பேசிக்கொள்வதைக் கவனித்தோம். ஆசிரியர் அறையில் எழுந்த முதல் பேச்சு, ‘இது ஷைத்தானின் வேலை, தடுத்துவிடுங்கள்’ என்பதாகவே இருந்தது. ஒன்றை இன்னதென்று அறியாமல் அதற்குத் தீர்ப்பு வழங்குவது மார்க்கம் கற்றோருக்கு அழகன்று. ஆகவே சில வாரங்கள் இதனைத் தேடிப் படித்தோம்.

படித்ததில் முதலில் தெளிவானது, இது வெறும் கட்டுக்கதை அன்று என்பது. இப்பெயரைப் பரவலாக்கியவர் நெதர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஈடன்; 1913-ஆம் ஆண்டில் தம் சொந்தக் கனவுகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஆயினும் அறிவியலார் நெடுங்காலம் இதனை நம்பவில்லை. உறங்குபவர் தம் நிலையை எவ்வாறு வெளியே அறிவிப்பார்? கனவு மிகுந்து தோன்றும் உறக்க நிலையில் உடலின் தசைகள் கட்டுண்டு கிடக்கும். கண்களும் மூச்சும் மட்டுமே அதற்கு விலக்கு. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் 1975-இல் கீத் ஹெர்ன் என்பவர் அந்தக் கண்களையே பயன்படுத்தினார். உறங்குமுன் பேசிவைத்தபடி, கனவுக்குள் தெளிவடைந்தவர் கண்களை இடமும் வலமுமாக அசைத்தார். கருவி அதைப் பதிவு செய்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் இதனைத் தனியாகச் செய்து 1981-இல் வெளியிட்டார். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உறங்கிக்கொண்டிருந்தவரிடம் எட்டிலிருந்து ஆறைக் கழிக்கச் சொன்னபோது, அவர் கனவுக்குள்ளிருந்தே கண்களை இருமுறை அசைத்து விடை சொல்லியிருக்கிறார். ஆக, மனிதனுக்கு அல்லாஹ் அளித்த இயல்பான ஆற்றல்களுள் இதுவும் ஒன்று. இதனைக் கராமத் என்று போற்றவும் வேண்டாம், சூனியம் என்று தூற்றவும் வேண்டாம்.

கண் விழித்ததும் புரளாமல் கிடந்து, கண்ட கனவை நினைவில் மீட்டு, தலைமாட்டில் வைத்த குறிப்பேட்டில் எழுதுவது பயிற்சியின் முதற்படி. சில வாரங்கள் எழுதினால் திரும்பத் திரும்ப வரும் இடங்களும் ஆட்களும் தெரியவரும். பின்னர் கனவைக் கனவென்று கண்டுகொள்ள அவையே அடையாளமாகும். பகலில் பலமுறை ‘நான் விழித்துத்தான் இருக்கிறேனா?’ என்று மெய்யாகவே ஐயுற்றுச் சோதிப்பதும் உண்டு. கைவிரல்களை எண்ணுவார்கள், ஒரு வரியைப் படித்துவிட்டுப் பார்வையை விலக்கி மீண்டும் படிப்பார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுத்துப் பார்ப்பார்கள். கனவில் எழுத்து மாறிவிடும், பொத்திய மூக்கிலும் மூச்சு வரும். பகலில் பழகிய கை கனவிலும் அதையே செய்யும் என்பது இவர்கள் கணக்கு. லபெர்ஜ் வகுத்த முறையோ மனவுறுதியைச் சார்ந்தது: ‘அடுத்த கனவில் இது கனவென்று நினைவுகொள்வேன்’ என்ற எண்ணத்தை நெஞ்சில் நிறுத்தி, அவ்வாறு நிகழ்வதாகக் கற்பனை செய்தவாறே உறங்க வேண்டும். எல்லாவற்றிலும் பலன் தருவது நேரத் தேர்வு. சுமார் ஐந்து மணி நேரம் உறங்கி எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, மீண்டும் படுக்க வேண்டும். உறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருவது. கனவு நிறைந்த பகுதி இரவின் பிற்பாதியில்தான் நீளும். 2017-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் இம்முறைகளைச் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் சுமார் 17 விழுக்காடு வெற்றி கிட்டியது. ‘மூன்றே நாளில் உறுதி’ என்று கூவும் காணொளிகள் இதைச் சொல்வதில்லை.

ஐந்து மணி நேரம் உறங்கி எழுவது, விழித்திருப்பது, மீண்டும் உறங்குவது. இதைப் படித்தபோது நமக்கு நபி தாவூத் (அலை) அவர்களின் இரவுதான் நினைவுக்கு வந்தது. பாதி இரவு உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, ஆறில் ஒரு பங்கு மீண்டும் உறங்குவார்கள் என்றும், அல்லாஹ்வுக்கு மிக உவப்பான தொழுகை அதுவே என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. உறங்குமுன் நிய்யத்தை நெஞ்சில் நிறுத்துவதும் நமக்குப் புதிதன்று. இதை வைத்து, ‘மேலைநாட்டார் இன்று கண்டுபிடித்ததை நாம் அன்றே சொன்னோம்’ என்று முழங்குவோருடன் சேர நாம் விரும்பவில்லை. தாவூத் (அலை) அவர்கள் கனவுக்காக எழவில்லை. நேரம் ஒன்றாயினும் நோக்கம் வேறு.

மாணவர்களை அழைத்து விசாரித்ததில் பெரும்பாலோர் விளையாட்டாகவே முயன்றிருந்தனர். வானில் பறக்க வேண்டும் என்றார் ஒருவர். மக்காவைப் பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஐந்தாமாண்டு மாணவர் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் சென்ற பிறகு தம் குறிப்பேட்டை எடுத்து எம்முன் வைத்தார். இரண்டு மாதக் கனவுகள், தேதியிட்டு எழுதியிருந்தார். சென்ற ஆண்டு தேர்வுக் காலத்தில் அவருடைய உம்மா மவ்த்தாகிவிட்டார். இவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

“ஹஜ்ரத், கனவில் நான் உம்மாவை அழைத்து, அவர்கள் வந்தால், வருவது உம்மாதானா?”

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. உறக்கத்திலும் உயிர்களைத் தானே கைப்பற்றுவதாக அல்லாஹ் ஸூரத்துஸ் ஸுமரின் 42-ஆம் வசனத்தில் அறிவிக்கிறான். உயிரோடிருப்போரின் ரூஹும் மரித்தோரின் ரூஹும் உறக்கத்தில் சந்திப்பது பற்றி இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘கிதாபுர் ரூஹ்’ நூலில் விரிவாக எழுதியுள்ளார்கள். எனவே சந்திப்பே நிகழாது என்று நாம் சொல்வதற்கில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு: தாம் அழைத்தால் வருமா என்று கேட்டார்.

கனவு மூவகை என்பது ஹதீஸில் வந்துள்ளது. அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி ஒன்று; ஷைத்தான் ஏற்படுத்தும் துயரம் ஒன்று; மனிதன் தன் உள்ளத்தோடு பேசிக்கொள்வது ஒன்று. தன் விருப்பத்தால் தொடங்கி, தன் விருப்பத்தால் நடத்தப்படும் கனவை மூன்றாம் வகையில் சேர்ப்பதே பொருத்தம் என்று நாம் கருதுகிறோம். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் இதையொட்டிய ஓர் அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். மாந்திரீக நூலொன்றில், உறங்குமுன் சொல்லிப் படுத்தால் விரும்பியது கனவில் தெரியும் எனச் சில சொற்கள் தரப்பட்டிருந்தன. அவற்றைத் தாமே சொல்லிப் பார்த்ததாகவும், வியப்பான கனவுகள் கண்டு தம்மைப் பற்றிச் சிலவற்றை அறிந்ததாகவும் எழுதுகிறார்கள். (அச்சொற்களை இங்கே தர மாட்டோம், கேட்டும் எழுத வேண்டாம்.) ஆனால் அவ்வளவு கண்டபின்பும் அவர்களின் முடிவு நிதானமானது: இத்தகைய முயற்சி உள்ளத்தை ஆயத்தப்படுத்துமே தவிர, கனவை உண்டாக்காது, ஆயத்தம் செய்ய இயல்வதும் அப்பொருளின்மீதே ஆற்றல் பெறுவதும் ஒன்றல்ல.

இதனை அம்மாணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் இடைமறித்தார். “ஒருமுறை வந்தார்கள் ஹஜ்ரத். அது கனவென்று எனக்குத் தெரிந்திருந்தது. என்மேல் வருத்தமா என்று கேட்டேன். ‘இல்லை வாப்பா’ என்றார்கள். என்ன சொல்வார்கள் என்று நான் முன்னமே நினைத்திருந்தேனோ, அதே சொல். உம்மா என்னை ஒருநாளும் வாப்பா என்று அழைத்ததில்லை. என் தம்பியைத்தான் அப்படி அழைப்பார்கள்.”

நாம் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் முன்னரே அறிந்திருந்தார். அறிந்தும் விட முடியாமல்தான் கேட்டிருக்கிறார். ‘தம்பி, உம்மா வருவதும் வராததும் அல்லாஹ்வின் நாட்டம், உம்மாவுக்கு நீங்கள் அனுப்புவது உங்கள் கையில் இருக்கிறது’ என்று சொல்லி, மரித்தவருக்குப் பிள்ளையின் துஆ சென்றடைவதை நினைவூட்டினோம். கடன் ஏதும் உண்டா, நோன்பு ஏதும் விடுபட்டதா என வீட்டில் விசாரிக்கச் சொன்னோம். நோயுற்றுத் தேறியிருந்த காலத்தில் களாச் செய்யாத நோன்புகள் பதினொன்று இருந்தது தெரியவந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்துப்படி நெருங்கிய உறவினர் அவற்றை நோற்கலாம். அவர் திங்களும் வியாழனுமாக நோற்று வருகிறார். குறிப்பேட்டை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னோம். இப்படி வருவித்துக்கொண்ட கனவை ‘உம்மா வந்து இன்னது சொன்னார்கள்’ என்று உடன்பிறந்தாரிடம் சொல்லக் கூடாது. பங்கு, திருமணம், குடும்பப் பிணக்கு என எத்தனையோ காரியங்கள் நம் வீடுகளில் இத்தகைய ஒரு சொல்லால் திசைமாறியுள்ளன. காணாத கனவைக் கண்டதாகச் சொல்பவர் மறுமையில் இரு வாற்கோதுமை மணிகளை முடிச்சிடுமாறு பணிக்கப்படுவார் என்பது கடுமையான எச்சரிக்கை. தானே சமைத்த கனவை வந்ததாகச் சொல்வது அதற்கு வெகு தொலைவில் இல்லை. அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் கனவில் பாங்கின் சொற்களைக் கேட்டபோதுகூட அதை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு சென்றார்கள்; அவர்கள் ஏற்றபின்னரே அது பாங்காயிற்று.

இப்பயிற்சியில் நன்மை இல்லாமலில்லை. தீய கனவுகளால் வாடுபவர், கனவிலேயே ‘இது கனவு’ என்று உணர்ந்தால் அச்சத்தின் பிடி தளரும். விழித்ததும் இடப்புறம் மும்முறை இலேசாக உமிழ்ந்து, அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, புரண்டு படுத்து, யாரிடமும் சொல்லாதிருக்க வேண்டும் என்ற நபிவழியோடு இது மோதுவதுமில்லை. ஆனால் இன்பத்திற்கென்றே இதனைக் கற்பிப்போர் நிறைய உள்ளனர். உறங்குபவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பதை அவர்கள் கேட்டறிந்து சாக்காகக் கொள்ளவும் கூடும். கனவில் நிகழ்வதற்குக் கணக்கில்லை, சரி. விழித்திருக்கையில் அதற்கெனத் திட்டமிட்ட நெஞ்சுக்குக் கணக்கில்லையா? எமக்குத் தோன்றுவதைச் சொன்னோம். தீர்ப்பை முஃப்திகளிடம் கேட்டுக்கொள்க. மறதி நோய்க்குத் தரப்படும் கலன்டமின் மாத்திரையை இதற்காக விழுங்குவதோ முழுத் தவறு. மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும், எது மெய் எது பொய் என்ற குழப்பம் உள்ளோரும் இப்பயிற்சியை நெருங்கவே வேண்டாம். உறக்கத்தை அடிக்கடி முறிப்பவர்களுக்கு, விழிப்பு வந்தும் உடல் அசையாது, நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்தது போன்ற நிலை வரக்கூடும். ஊரில் அமுக்குப் பேய் என்பார்கள். மேலே சொன்ன தசைக்கட்டு விலகுமுன் அறிவு விழித்துவிடுவதே அது. சில நிமிடங்களில் தானே நீங்கிவிடும்.

விடுதியில் இப்போது இதற்கு ஓர் ஒழுங்கு செய்திருக்கிறோம். இஷாவுக்குப் பின் ஒன்பதரைக்குள் உளூவுடன் வலப்புறம் சாய்ந்து படுத்துவிட வேண்டும். இரண்டரைக்கு எழ விரும்புவோர் தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு மீண்டும் உறங்கலாம். அந்த உறக்கத்தில் என்ன முயல்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. சுப்ஹு ஜமாஅத்தைத் தவறவிட்டவருக்கு மறுவாரம் அந்த அனுமதி கிடையாது. முதல் வாரம் பதினான்கு பேர் எழுந்தனர். இப்போது ஆறு பேர் எழுகின்றனர். அவர்களுள் நால்வர் கனவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டனர். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.