நன்னீரின் எல்லை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களில் ஒரு தெருக் கிணற்றின் நீரில் சோறு பொங்கலாம். அடுத்த தெருக் கிணற்றின் நீரோ வாயில் வைக்க இயலாதபடி கரிக்கும். வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டைப் பகுதியில் நிலத்தடி நீரை ஆராயச் சென்ற நாள்களில், நன்னீரின் எல்லை எங்கே முடிகிறது என்னும் வினாவே என் பணியாக இருந்தது.

கடல்நீர் நன்னீரைவிடச் சற்று அடர்த்தி மிக்கது. அதனால் கரையோர மணலடுக்குகளில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர்வரை உவர்நீர் தடுக்கப்படும். அந்த 1 மீட்டரை இறைத்துத் தீர்த்தால் அடியிலிருந்து உப்பு மேலேறும்.

தோண்டாமலே இதனை அறிய மின்சாரம் உதவுகிறது. பிரான்சு நாட்டு அறிஞர் கான்ராட் சுலும்பெர்கர் 1912ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த வழி இது. நான்கு உலோக முளைகளை நிலத்தில் வரிசையாக அறைந்து, வெளி இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் இரண்டுக்கிடையே மின்னழுத்த வேறுபாட்டை அளக்கிறோம். வெளி முளைகளை விலக்க விலக்க மின்னோட்டம் ஆழத்துக்குச் செல்லும். உவர்நீர் நிறைந்த மணலில் மின்தடை எண் மிகக் குறைவு. ஆனால், களிமண்ணிலும் அது குறைவே. இரண்டையும் பிரித்தறியக் கணக்கீடு தேவைப்படுகிறது.

நிலத்தடியைக் கணினியில் சிறுசிறு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது முடிவுறு கூறு முறை. எல்லா இடத்திலும் நுண்ணியதாகப் பகுத்தால் கணக்கு மலையாகிவிடும். ஆகவே, முதலில் பெரிய கூறுகளால் கணக்கிட்டு, பிழை மிகுந்த இடங்களைக் கணினியே மதிப்பிட்டு, அங்கு மட்டும் மீண்டும் பகுக்கிறது. இதுவே தகவமைவு முறை. கரைவலையின் கண்கள் ஓரங்களில் அகன்றும், மீன் சேரும் மடியில் நெருங்கியும் இருப்பதைப் போல, முளைகளின் அருகிலும் நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இடத்திலும் கூறுகள் நெருங்கும்.

ஒரு முதிய உழவர், “இங்க போர் போட்டா நல்ல தண்ணி வருமா தம்பி? கடன் வாங்கித்தான் போடணும்” என்று கேட்டார். அவர் நிலத்தில் 30 மீட்டருக்குக் கீழே மின்தடை எண் தாழ்ந்திருந்தது. களிமண் என்று கொண்டாலும் உவர்நீர் என்று கொண்டாலும் கணக்கு அளவீட்டோடு பொருந்தியது. கூறுகளை மேலும் நுணுக்கியும் விடை மாறவில்லை. ஐயம் கணக்கில் இல்லை; அளவீட்டிலேயே இருந்தது என்பது அப்போது தெளிவாயிற்று. அதே ஆழமுடைய அண்டைக் கிணற்றின் நீரைச் சோதித்தோம், உப்பு மிகுந்திருந்தது. “ஆழமா போட வேண்டாங்க ஐயா. மேலாகவே நிறுத்தி, அளவா இறைங்க” என்றேன்.

“நான் அளவா இறைப்பேன். பக்கத்துக் கொல்லைக்காரரு?” என்றார் அவர்.

நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. ஒருவர் மிகுதியாக இறைத்தால் ஊரார் அனைவரின் கிணற்றையும் நோக்கி உப்பு நகரும். எல்லை இன்று எங்கே உள்ளது என்பதைக் கணினி காட்டும். அதனை அங்கேயே நிறுத்திவைக்க ஊர் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். அன்று மாலை அளவீட்டு வரைபடத்தை அவர் ஒருவரிடம் மட்டும் தராமல், ஊர்ப் பொதுவில் விரித்து அனைவருக்கும் விளக்கினேன்.