கோடிக்கரையில் ஒரு பிடி உணவு

தஞ்சையிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகக் கிழக்கே செல்லும் பயணி, காவிரியின் கொடையைக் கண்ணாரக் காண்பார். வயலும் வாய்க்காலும் பின்தங்க, வேதாரண்யத்து உப்பளங்கள் வெண்மை விரிக்கும். அதற்கும் தெற்கே, நிலம் கடலுக்குள் நீளும் முனையில் இருக்கிறது கோடிக்கரைக் காடு. பழைய தஞ்சை மாவட்டத்தின் எல்லையாக இருந்த இவ்வூர், 1991 முதல் நாகை மாவட்டத்தைச் சேர்ந்தது. வெளிமான்களுக்காக 1967இல் இது சரணாலயமாக்கப்பட்டது. மட்டக்குதிரைகளும், பருவத்தில் வந்திறங்கும் பூநாரைகளும் இங்குக் காணத்தக்கவை.

நாகூர் வரும் குடும்பங்கள் சில, ஒரு பகலை இங்கும் கழிப்பதுண்டு. வண்டி நின்றதும் பாலை மரங்களின் நிழலிலிருந்து நாட்டுக் குரங்குகள் இறங்கி வரும். குழந்தைகள் பிஸ்கட்டையும் வாழைப்பழத்தையும் நீட்டுவார்கள். வாயில்லா ஜீவனுக்கு உணவிடுவது நன்மையன்றோ என்று பெரியவர்களும் மகிழ்வார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் விளைவு?

மலேயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் 'ஓராங் ஊத்தான்' என்னும் சொல்லை அறிந்திருப்பார்கள். மலாய் மொழியில் அதற்குக் 'காட்டு மனிதன்' என்று பொருள். போர்னியோ, சுமத்ரா காடுகளில் வாழும் அப்பெருங்குரங்கு பெரும்பாலும் மரத்திலேயே காலங்கழிக்கும். அதன் கழிவு கீழே விழுந்துவிடுவதால், அதிலுள்ள புழுக்கள் மீண்டும் அதனை அடைவது குறைவு. காடு அழிந்து அநாதையான குட்டிகளைப் பேண, சபாவின் செப்பிலோக்கில் 1964இல் ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் பல குட்டிகள் ஒரே தரையில், மனிதர் அருகே வளர நேர்கிறது. அங்கேதான் குடற்புழுக்களுக்கு வழி திறக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் நூற்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே புகும். உடலுக்குள்ளேயே பெருகவும் வல்லது. இளங்குட்டிகளின் உயிரையே அது பறித்ததுண்டு. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டுமே ஈனும் இனத்தில், ஒரு குட்டியின் இழப்பும் பேரிழப்பேயாகும். அதனால்தான் காட்டில் விடுமுன் சாணத்தைச் சோதித்து, மருந்தளிப்பது இன்றியமையாததாகிறது.

இது கடல் கடந்த செய்தி மட்டுமன்று. நம் ஆனைமலையில், துண்டுபட்ட மழைக்காடுகளில் வாழும் சிங்கவால் குரங்குகளின் 9 கூட்டங்களை ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்கள் ஆராய்ந்தனர். 2013இல் வெளியான அவ்வாய்வு, மனிதக் குடியிருப்பை ஒட்டிய காடுகளில் குரங்குகளுக்கு ஒட்டுண்ணிச் சுமை மிகுதி எனக் காட்டியது.

கோடிக்கரைக்கும் இதில் பாடம் உண்டு. நாம் வீசும் உணவு, மரத்தில் இரை தேடும் குரங்கைத் தரைக்கு இழுக்கிறது. பல குரங்குகளை ஓரிடத்தில் நெருக்குகிறது. மனிதக் கழிவும் கால்நடைச் சாணமும் கலந்த மண்ணில் உண்ணச் செய்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இக்காட்டின் மரங்களைச் சாய்த்தது. நாட்டுக் குரங்கோ, இன்று உலகப் பாதுகாப்புப் பட்டியலில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனமாக இடம்பெற்றுள்ளது. எங்கும் காணப்படுவதால் அழியாது என்று எண்ணிவிட இயலாது.

ஆகவே, கோடிக்கரை செல்லும் அன்பர்கள் உணவுப் பொட்டலத்தை மூடியே வைத்திருக்கட்டும். எஞ்சியதைக் காட்டில் கொட்டாமல் வீட்டிற்கே கொண்டுவரட்டும். காட்டோரத்தை மலம் கழிக்கும் இடமாக்க வேண்டாம். உண்ணுமுன் குழந்தைகளின் கைகளைக் கழுவிவிடுவதும் அவசியம். ஏனெனில் புழுக்கள் இரு திசையிலும் பயணம் செய்பவை. பாலைப் பழம் அக்குரங்குகளுக்குப் படைத்தவன் அளித்த உணவு. அதை அவை மரத்தின் மேலிருந்தே உண்ண விட்டுவிடுவதும் ஒரு தர்மமே.